நோயில் கிடந்த நாளுக்கும் அபராதமா?

எங்கள் நார்த்தாமலையில் ஒரு டீக்கடைப் பேச்சு. மலேசியாவிலிருந்து பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ‘விசா முடிஞ்சா மரியாதையா கெளம்பி வந்துரணும். கள்ளத்தனமா தங்குனா புடிச்சு உள்ள வைக்கத்தான செய்வான்?’ என்றார் ஒருவர். சொன்னவர் கெட்டவர் இல்லை. எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

பக்கத்து பெஞ்சில் என் சின்னண்ணன் உட்கார்ந்திருந்தார். இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு இன்றைக்கும் நேரம் பிடிக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சு மழைக்கும் நூறுநாள் வேலைக்கும் போய்விட்டது.

அவர் சொல்ல முடியாமல் போனதை நான் எழுதுகிறேன்.

அண்ணன் 2016இல் போனார். எங்கள் அப்பா கல்லுடைத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நார்த்தாமலையிலிருந்துதான் கல் போனது என்று ஊரில் பெருமை பேசுவார்கள். அதை உடைத்தது யார், இழுத்தது யார் என்று கேட்டால் பெருமை நின்றுபோகும். அது வேறு கதை. அண்ணனும் பதினைந்து வயதில் சல்லி உடைக்கப் போனார். கிரஷர் வந்தது, கைவேலை குறைந்தது. ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனார். முறையான பெர்மிட். வருடா வருடம் முதலாளி புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் முதலாளியின் மேஜைக்குள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். 1966ஆம் வருடச் சட்டம். அது எந்தச் சமையல்கட்டில் செல்லுபடியாகிறது?

2018 நவம்பர். விடியற்காலையில் சோற்றுப் பானையைத் தூக்கப்போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரத்தக்கொதிப்பு இருந்ததே அவருக்குத் தெரியாது. வயது 41. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. கூட வேலை பார்த்தவர்கள் காசு பிரித்துத்தான் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே தனிக் கட்டணம், அதுவும் பல மடங்கு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு. 2011இல் தொடங்கியபோது வருடத்துக்கு 120 ரிங்கிட் கட்டினால் 10,000 ரிங்கிட் வரைக்கும் என்றார்கள். மூளையில் அடைப்பு வந்தவனுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்?

விழுந்த பதினேழாவது நாள் பெர்மிட் முடிந்தது. ‘வேலைக்கு லாயக்கில்லாத ஆளுக்குப் பெர்மிட் எதுக்கு?’ என்று முதலாளி கேட்டிருக்கிறார். நாற்பத்து மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது அண்ணன் 26 நாள் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிட்டார். அந்த 26 நாளும் மூத்திரத்துக்குக் குழாய் போட்டுக் கட்டிலில் கிடந்தார். கட்டிலிலிருந்து இறங்காமலேயே ஒரு மனுஷன் குற்றம் செய்ய முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். இப்போதைக்கு விமானத்தில் ஏற்றக்கூடாது, ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று. பறக்கத் தகுதி என்று டாக்டர் எழுதித் தராமல் இப்படிப்பட்ட நோயாளியை விமானக் கம்பெனிகளும் ஏற்றாது. ஆக, ஒரு மேஜையில் ‘இந்த ஆள் பறக்கக்கூடாது’ என்று சீல் வைக்கிறார்கள். இன்னொரு மேஜையில் ‘இந்த ஆள் ஏன் பறக்கவில்லை’ என்று கேட்கிறார்கள். இரண்டு மேஜையும் ஒரே அரசாங்கத்துடையது. மலேசியக் குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவின்படி காலம் கடந்து தங்கினால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று உண்டு. நோயாளி, வழக்கில் சாட்சி, விமானம் கிடைக்காதவன், இப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மாதமாக நீட்டித்துக் கொடுப்பார்கள். கட்டணம் 100 ரிங்கிட். பெர்மிட் முடிவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கடிதம், பாஸ்போர்ட், டிக்கெட் இவற்றோடு போய் நிற்க வேண்டும். எங்கள் அண்ணனுக்கு வாய் பேச வராது, கால் நடக்காது, பாஸ்போர்ட் கையில் கிடையாது. கூட இருந்த பையன்களுக்கு இப்படி ஒரு பாஸ் இருப்பதே தெரியாது. தெரிந்த முதலாளி செய்யவில்லை. நூறு ரிங்கிட் என்றால் அன்றைய மதிப்பில் நம்ம ஊர்க் காசுக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய் சொச்சம். அந்த ஆயிரத்து எழுநூறு ரூபாயில் அண்ணன் கள்ளன் ஆனார்.

இதற்கு மேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது. அபராதத்தைக் கூடக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். பக்கவாதம் வந்தவனுக்கு முதல் சில மாதங்கள்தான் மாதங்கள். கையைப் பிடித்து அசைத்து, நடக்க வைத்து, பேசப் பழக்கி, இழந்ததில் பெரும்பகுதியை மீட்பது அந்தக் காலத்தில்தான். ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் ஒருநாள் கூடப் போகவில்லை. ஏனென்றால் மலேசிய சுகாதாரத் துறை 2001இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற, காகிதம் இல்லாத வெளிநாட்டுக்காரர்களைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும் என்று. நம்பர் எல்லாம் பையன்களுக்குத் தெரியாது. ‘பேப்பர் இல்லாம போனா ஆஸ்பத்திரியிலேர்ந்தே போன் போட்டுருவாங்க’ என்பது எல்லோருக்கும் தெரியும். 2019 ஜனவரியிலிருந்து எட்டு மாதத்துக்கு மேல் ஒரு கடைக்கு மேலேயிருந்த அறையில், ஏழு பேர் படுக்கிற இடத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அந்த வலது கையைப் பக்கவாதம் பாதி எடுத்தது. மீதியைப் பயம் எடுத்தது.

எங்கள் பங்கும் இதில் உண்டு. மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய். மார்ச் மாதம் அண்ணி என்னிடம் சொன்னார்: ‘புடிச்சா புடிச்சுட்டுப் போறான் தம்பி. ஜெயில்ல போட்டாலும் ஒருநாளைக்கு ஊருக்கு அனுப்பித்தான ஆகணும். வந்துரச் சொல்லுங்க.’ நான்தான் தடுத்தேன். டிகிரி படித்தவன், சட்டம் தெரிந்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். ‘பத்தாயிரம் ரிங்கிட் கேப்பான் அண்ணி. கொஞ்சம் பொறுப்போம், பொதுமன்னிப்பு விடுவான்’ என்றேன். வட்டிக்காரர் வேறு வாசலில் நின்றார். ஆள் வெளிநாட்டில் இருக்கிறவரைக்கும்தான் அவர் பொறுப்பார் என்பதும் என் கணக்கில் இருந்தது. அண்ணி கேட்டபடி செய்திருந்தால் அந்தக் கை கொஞ்சமாவது வந்திருக்குமோ என்னவோ.

நான் எதிர்பார்த்த பொதுமன்னிப்பு 2019 ஆகஸ்ட் 1இல் வந்தது. டிசம்பர் 31 வரை. 700 ரிங்கிட் கட்டி, ஏழு நாளைக்குள் கிளம்புகிற டிக்கெட்டைக் காட்டினால் வழக்கில்லாமல் அனுப்பிவிடுவார்கள். அண்ணன் அக்டோபரில் திருச்சியில் இறங்கினார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விமான நிலையம் எங்கள் புதுக்கோட்டை ரோட்டிலேயேதான் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வீடு. இந்தத் தூரத்தைக் கடக்கப் பதினோரு மாதம்.

பொதுமன்னிப்பு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் தோழர்களே. மன்னிக்கிறவன் யார்? அமீரகத்தில் 1996, 2003, 2007, 2013, 2018, 2024 என்று மன்னித்துக்கொண்டே வருகிறார்கள். சவூதியில் 2013இல் மன்னித்தார்கள். 2017இல் ‘மீறுபவர் இல்லாத தேசம்’ என்று பெயர் வைத்து மறுபடி மன்னித்தார்கள். குவைத் 2018, 2020, 2024. ஒரு தவறை இத்தனை தடவை லட்சக்கணக்கான பேர் செய்கிறார்கள் என்றால் தவறு ஆளிடம் இருக்கிறதா, ஏற்பாட்டில் இருக்கிறதா? விசாவை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, முதலாளி கைவிட்டதும் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்குகிற ஏற்பாடு. சில வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப் பெருக்கிவிட்டு அதற்கு மன்னிப்பு என்று பெயர். அரபு நாடுகளில் இன்னொரு சொல், ‘ஹுரூப்’. வேலைக்கு வராதவனை ஓடிப்போனவன் என்று முதலாளி பதிந்துவிடலாம். ஐ.சி.யூ.வில் கிடப்பவனும் வேலைக்கு வராதவன்தானே. சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் தாண்டினால் சட்டத்திலேயே பிரம்படி எழுதியிருக்கிறது. குறைந்தது மூன்று அடி.

எங்கள் ஊரில் ஆளுருட்டிமலை என்று ஒரு குன்று. குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்டுக் கொன்றார்கள் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். சமணர் படுகை பார்க்க வருகிறவர்கள் அதைக் கேட்டு ‘அந்தக் காலத்துக் கொடூரம்’ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

சட்டம் என்றால் சட்டம்தான், நோய்க்கெல்லாம் விலக்குக் கொடுத்தால் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவார்கள் என்று சிலர் வாதிடலாம். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான விசா விதிகளைப் பாருங்கள். 2009இல் போட்டது, 33ஆம் பிரிவு. தன் கையை மீறிய காரணத்தாலோ மனிதாபிமானக் காரணத்தாலோ கிளம்ப முடியவில்லை என்று காட்டினால் விசாவை நீட்டித்துத் தர வேண்டும், அதுவும் கட்டணம் இல்லாமல். டூரிஸ்டுக்கு நெஞ்சுவலி வந்தால் அது நெஞ்சுவலி. கூலிக்காரனுக்கு வந்தால் தலைமறைவு. 2020இல் கொரோனா வந்ததும் விமானங்கள் நின்றன, உலகம் முழுக்கப் பணக்காரனும் படித்தவனும் விசா காலம் தாண்டிக் கிடந்தான். அப்போது என்ன ஆயிற்று? அமீரகம் அந்த வருடம் மார்ச் 1க்குப் பிறகு முடிந்த விசாக்களுக்கு அபராதம் வேண்டாம் என்றது. இந்தியாவும் இங்கே மாட்டிக்கொண்ட வெளிநாட்டவரின் விசாவைக் காசு வாங்காமல் நீட்டித்தது. கடிகாரத்தை நிறுத்த முடியும் என்று அரசுகளே செய்து காட்டிவிட்டன. தனியொருவன் படுக்கையில் விழுந்தால் மட்டும் அது நிற்காது.

அந்த 2020இலும் நம் ஆட்களுக்கு வேறு கணக்கு. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதி தமிழர்கள் புழங்குகிற இடம். அங்கே அடுக்குமாடிகளை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். காகிதம் இல்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச்சில் அரசு சொன்னது. மே 1இல் அதே இடத்தில் புகுந்து நூற்றுக்கணக்கான பேரை லாரியில் ஏற்றிப்போனார்கள். மே தினத்தில். அதே மாதம் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமுக்குள் நோய் பரவியது. ஆஸ்பத்திரியையும் போலீஸையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு பகுதிக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பெயர் வைத்தார். எழுதியது 1930களில், புத்தகமாக வந்தது 1990இல். அதில் வெளிநாடு எதுவும் இல்லை. பரோடாவில் தங்க இடம் கிடைக்காதது, தௌலதாபாத் கோட்டைத் தண்ணீர், எல்லாம் சொந்த நாட்டுக்குள் நடந்தவை. அதில் ஒரு கடிதத்தைப் பற்றியும் சொல்கிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்தது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடக்கிறாள். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவன் கையில் கொடுத்து, அவன் மனைவியிடம் கொடுத்து, அதே வழியில் திரும்பி வருகிறது. அவள் செத்துப்போகிறாள். நோய்க்காரியைத் தொட ஒரு அனுமதி வேண்டியிருந்தது, அது கடைசி வரை கிடைக்கவில்லை. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் மகர்களும் மாங்குகளும் பூனா நகருக்குள் பிற்பகல் 3 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் இருக்கக்கூடாது, நிழல் நீளமாக விழுமாம். அதுவும் மணி பார்த்துக் கொடுத்த விசாதான். நேரம் தாண்டித் தங்கினால் குற்றம் என்பது நமக்குப் பழைய பாடம். மலேசிய அதிகாரிக்குச் சாதி தெரியாது, அவர் பார்ப்பது காகிதத்தை. ஆனால் காகிதம் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்கிற வரிசையில் முன்னால் நிற்பது யார் என்பதை இங்கே, இந்த ஊரில் இருந்துகொண்டு பார்த்தால் தெரியும். நிலம் இருந்தால் போகிறவன் நிலத்தை அடமானம் வைத்துப் போகிறான், நோய் வந்தால் திரும்பி வந்து நிலத்தில் நிற்கிறான். நிலம் இல்லாதவன் கடனோடு திரும்பி வர முடியாது, அதனால் தங்குகிறான்.

நம் நாடு யோக்கியமா? இங்கே காலம் கடந்து தங்குகிற வெளிநாட்டவருக்கு 2025இல் போட்ட புதிய சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். எங்கள் மாவட்டத்திலேயே லேனா விளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் ஈழத்து அகதிகள் முப்பது நாற்பது வருடமாக முகாமில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளும் காகிதத்தில் வெளிநாட்டவர். மற்றவனைச் சொல்ல டெல்லிக்கு வாயில்லை.

போகிற நம் ஆட்களுக்காக டெல்லி வைத்திருக்கிற ஏற்பாடுகளையும் பார்ப்போம். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்படி அனுமதி வாங்கும்போது காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் செத்தால் பத்து லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு லட்சம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டூரிஸ்டாகப் போகிறவனுக்கு இந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமலே 30 நாள் போகலாம் என்று திறந்துவிட்டார்கள். ஏஜெண்டுகளுக்கு அது தீபாவளி. ‘டிக்கெட்டு மட்டும் எடு, போனதும் பெர்மிட் போட்டுக்கலாம்.’ முப்பத்தோராவது நாள் அவன் என் அண்ணன். நோயே தேவையில்லை.

தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவனின் அவசர மருத்துவத்துக்கும், ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும், தொழிலாளியின் மேல் தவறில்லை என்றால் காலம் கடந்த அபராதத்துக்கும் கூட அதிலிருந்து கொடுக்கலாம். தவறில்லை என்று யார் நிரூபிப்பது? நாங்கள் 2019இல் ஒரு அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்தபோது முதலில் கேட்டது பாஸ்போர்ட் நகல். அதுதான் முதலாளி மேஜைக்குள் இருக்கிறதே என்றோம். ‘அப்ப அவர் இந்தியர்னு நாங்க எப்படி நம்புறது?’ என்றார்கள். அந்தக் காசு கிடைப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் தெலங்கானாத் தொழிலாளி ஒருவர் துபாயில் 80 நாள் கொரோனாவில் கிடந்தார். 7,62,555 திர்ஹாம் பில். தொழிலாளர் அமைப்புக்காரர்கள் விடாமல் பின்னால் போனார்கள், தூதரகம் கடிதம் எழுதியது, ஆஸ்பத்திரி முழுப் பில்லையும் தள்ளுபடி செய்தது. ஊருக்கும் அனுப்பிவைத்தார்கள். பின்னால் போக ஆள் இருந்தது, நடந்தது. அந்த ஆள் ஏன் நாமாக இருக்கக்கூடாது?

நம் அமைப்புகளை நான் இங்கே குறை சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் ஒருத்தன் செத்தால் உடலைக் கொண்டுவர மறியல் செய்கிறோம், திருச்சி விமான நிலையச் சரக்கு வாசலில் மாலையோடு நிற்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். உயிரோடு கிடப்பவனுக்காக ஒரு மனு எழுதத் தெரிந்த தோழர் தாலுகாவுக்கு ஒருவர் இருக்கிறாரா? அண்ணன் விஷயத்தில் நான் போய் நின்ற கட்சி அலுவலகத்தில் ‘பாடி எப்ப வருது தோழர்?’ என்று கேட்டார்கள். பழக்க தோஷம், மன்னித்துவிட்டேன். அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது என்பது வேறு.

நம் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளும், பறக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளும் விசாக் கணக்கில் சேரக்கூடாது. முதலாளி புதுப்பித்தாலும் புதுப்பிக்காவிட்டாலும், டாக்டரின் கடிதமே அந்த நாட்களுக்குப் பெர்மிட். மலேசியாவோடும் வளைகுடா நாடுகளோடும் இந்தியா ஆள் அனுப்ப ஒப்பந்தம் போடுகிறதே, அதில் இந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐ.நா. 1990 டிசம்பர் 18இல் நிறைவேற்றிய குடிபெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, காகிதம் இல்லை என்பதற்காக அவசர மருத்துவத்தை மறுக்கக்கூடாது என்கிறது. மலேசியா அதை ஏற்கவில்லை. வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை. இத்தனை பேரை ஏற்றுமதி செய்கிற இந்தியாவும் ஏற்கவில்லை. இலங்கை 1996இலேயே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2011இல் சட்டம் போட்டு, வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் வைத்து, ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். மேடையில் கோட்டுப் போட்டவர்கள் நிறைய. சமையல்கட்டில் விழுந்தவனை ஒரு வருடம் அந்த மேடையில் ஏற்றிப் பேச வையுங்கள். பேச நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியண்ணன் மகன் போன வாரம் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறான். ஈ.சி.ஆர்.தான், ஒன்பதாவதோடு நின்றவன். ஏஜெண்ட் அவனுக்கும் அதே முப்பது நாள் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். ‘போகாதே’ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இங்கே நான் அவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறேன்? சின்னண்ணன்தான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இடது கையால் பாஸ்போர்ட்டைத் தட்டித் தட்டிக் காட்டி, நெடுநேரம் முயன்று, ‘நகல்... நகல்... வீட்ல’ என்றார்.

அதிலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்கினோம். கீரனூர், அன்னவாசல் பக்கத்திலிருந்து வெளிநாடு போயிருக்கிறவர்கள், போகப்போகிறவர்கள் வீடுகளில் பாஸ்போர்ட் முதல் பக்கம், பெர்மிட், முதலாளி விலாசம், காப்பீட்டு எண் இவற்றின் நகலை வாங்கி வைக்கிறோம். பெர்மிட் முடிகிற தேதியை ஒரு நோட்டில் எழுதுகிறோம். இதுவரை முப்பத்தெட்டு வீடு. வாரக் கடைசியில் இரண்டு மாணவத் தோழர்கள் வந்தால் மீதித் தெருக்களையும் முடித்துவிடலாம். பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் எங்களுடையது, சாப்பாடு எங்கள் வீட்டில்.